ஆட்டுக்கான நிவாரணமும் அமானிதமும்

 

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை நம் திருவண்ணாமலையை நிலைகுலையச் செய்தது. மலைச்சரிவில் மண் சரிந்து 7 உயிர்கள் பறிபோயின. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற, தென்பெண்ணை கரைபுரண்டது. பட்டியிலும் தொழுவத்திலும் வாயில்லா ஜீவன்கள் மடிந்தன.

அப்போது தமிழக அரசு அறிவித்த நிவாரணம், பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். வளர்ந்த ஆடொன்றின் சந்தை விலைக்கு இது ஈடாகாது. இது முழு இழப்பீடு அன்று. விழுந்தவர் எழுந்து நிற்க நீட்டப்படும் கை மட்டுமே.

அந்தக் கையைப் பற்றுவது இழிவா? நம் மக்களில் சிலர் மானம் கருதி மனுக் கொடுக்கவே கூசுகின்றனர். அவ்வாறு கூசத் தேவையில்லை. கேட்பதற்கு அனுமதியுள்ள மூவரை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தபோது, பேரிடரால் பொருளை இழந்தவரையும் அவர்களுள் ஒருவராகச் சேர்த்தார்கள். ஃபுராத் நதிக்கரையில் ஓர் ஆடு கவனிப்பாரற்று மடிந்தாலும் தாம் விசாரிக்கப்படுவோம் என்று கலீஃபா உமர் (ரலி) அஞ்சியதாக வரலாறு கூறும். ஆள்வோருக்கு அது பொறுப்பு எனில், இழந்தவருக்கு இது உரிமை.

ஆயினும், அதே நபிமொழி எல்லையையும் வகுக்கிறது: வாழ்க்கைக்குப் போதுமானது கிடைக்கும் வரையே அந்த அனுமதி. இங்குதான் நாம் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆடுகளை இழந்தவர் ஐந்து என எழுதுவதும், நோயில் இறந்ததை வெள்ளத்தின் கணக்கில் சேர்ப்பதும், "அரசுப் பணம்தானே" என்ற ஒரு சொல்லால் ஹலாலாகிவிடுமா? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபியவர்களிடம், ஈரத்திற்கு மழையே காரணம் என்றார் வணிகர். மழை பெய்தது உண்மை. ஆனால் ஈரத்தை அடியில் மறைத்தது மோசடி. புயல் உண்மை என்பதால் பொய்க் கணக்கு உண்மையாகிவிடாது. பிறர் பொருளைத் தவறாக உண்பதையும், அதற்காக அதிகாரிகளை அணுகுவதையும் அல்பகரா அத்தியாயத்தின் 188ஆம் வசனம் தடுக்கிறது.

பொய் மனுக்கள் பெருகினால் அதிகாரிகளின் சந்தேகமும் பெருகும். அதன் சுமை உண்மையாக இழந்தவர் மீதே விழும். நான்கு ஆடுகளை நம்பிப் பிழைக்கும் விதவைத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆடுகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்ட உடல்கூட இராது. அவருக்கு எஞ்சியிருப்பது அவருடைய சொல்லும், அக்கம்பக்கத்தாரின் சாட்சியும்தான். நாம் பொய் சொன்னால் அந்தத் தாயின் மெய்யும் மதிப்பிழக்கும்.

ஆகவே மஹல்லா ஜமாஅத்துகள் இதில் முன்வர வேண்டும். கால்நடை வளர்ப்போரின் பட்டியலை மழைக்காலத்திற்கு முன்பே எடுத்து வைக்கலாம். காதில் அடையாளத் தோடு போடப்பட்டுள்ளதா எனப் பார்க்கலாம். கால்நடை இறந்தால் புதைப்பதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் உடனே தெரிவிக்கச் சொல்லலாம். எழுதத் தெரியாதோருக்கு மனு எழுதித் தரலாம். கடன் வாங்கி ஆடு வாங்கியவர் அதை இழந்து தவித்தால், ஸகாத்தில் கடனாளிக்கும் பங்குண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பக்கத்துத் தெருவின் மாற்று மதச் சகோதரர் பசுவை இழந்திருந்தால், நம் ஸதகாவும் நம் சாட்சியும் அவருக்கும் உரியவையே.

நபியவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள். மேய்ப்பவரின் வாழ்வு நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. அவருக்கு வரும் பணம் தூய்மையாக வரட்டும். முழுமையாகவும் வந்து சேரட்டும்.

உரிமையைக் கேட்கும் துணிவையும், உரிமையில்லாததை விட்டொதுங்கும் இறையச்சத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.