உரம் விழுந்த பிள்ளையா?

பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு அழுது, மார்பில் வாய் வைக்க மறுத்தால் 'உரம் விழுந்திருக்கு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சேலையில் கிடத்தி, இரண்டு பேர் முனைகளைப் பிடித்து உருட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் சில பிள்ளைகள் தூங்கியும்விடும். ஆனால், கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவது ஆபத்து.

பார்க்க வேண்டியது கழுத்தைத்தான். சில குழந்தைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கும். தலை ஒரே பக்கம் சாயும். ஒரு மார்பில் நன்றாகக் குடிக்கும், மறு மார்பில் அடம்பிடிக்கும். பால் பற்றவில்லை என்று அம்மாவுக்குப் பழி வேறு! குழந்தைகள் நல மருத்துவர் பார்த்த பின், கழுத்தை மெதுவாகத் திருப்பும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் தாய்க்கே கற்றுத் தருவார். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை, மறுக்கும் பக்கத்தில் பிள்ளையைக் கைக்கு அடியில், கால்கள் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி அணைத்துக் கொடுத்துப் பாருங்கள். தலையை மார்போடு அழுத்த வேண்டாம். கழுத்தையும் தோளையும் தாங்கினால் போதும்.

காய்ச்சல், வேகமான மூச்சு, துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது... இவற்றோடு பால் மறுத்தால் உருட்டவும் வேண்டாம், நீவவும் வேண்டாம். கிருமித்தொற்றாக இருக்கலாம். ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை பாலை அறவே ஒதுக்கினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.