ஏழாவது இடம்

2026 மகளிர் ஹாக்கி உலகக் கோப்பையின் கடைசி ஏழு இடங்களை நிரப்பச் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு (எஃப்ஐஎச்) வகுத்திருக்கும் விதியை வாசகர்கள் படித்திருப்பீர்கள். மார்ச்சில் சாண்டியாகோவிலும் ஹைதராபாத்திலும் எட்டெட்டு அணிகள் மோதும் தகுதிச்சுற்றுகள். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அணிகள் ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் மைதானங்களுக்குப் போகும். ஏழாவது இடத்துக்கு மட்டும் ஆட்டம் கிடையாது. மிச்சமிருப்பதில் தரவரிசையில் மேலே இருக்கும் அணிக்கு அது போய்விடும். இந்த விதி இம்முறை இந்தியாவுக்கே கைகொடுக்கக்கூடும். முடிவு தெரிவதற்கு முன்பே நம் கருத்தைப் பதிவுசெய்வது அதனால்தான் முறை: ஏழாவது இடத்தைத் தரவரிசையிடம் விட்டது தவறு.

ஆண்கள் அணிக்கு இந்தத் தலைவலி இல்லை. ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்று நேராக உள்ளே போய்விட்டார்கள். மகளிர் அணி 2025 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனாவிடம் 1-4 எனத் தோற்றது. ஆசியாவுக்கு நேரடி இடம் ஒன்றே ஒன்று. அது சீனாவுக்குப் போயிற்று. கண்டத்துக்கு ஒரு சாம்பியன் என்ற ஏற்பாட்டில் நமக்குக் குறையில்லை. இறுதியாட்டத்தில் நான்கு கோல் வாங்கியவர்கள் விதியை நொந்துகொள்ள முடியாது.

நம் தகுதிச்சுற்று ஹைதராபாத்தில் நடப்பதால் பாதி வேலை முடிந்தது என்று சிலர் பேசுவது கவலை தருகிறது. 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றிலும் சொந்த ரசிகர்கள் முன்னால்தான் ஆடினோம். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-1. நியூசிலாந்தையும் இத்தாலியையும் வென்று அரையிறுதிக்கு வந்து, ஜெர்மனியோடு 2-2 எனச் சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 3-4 எனக் கோட்டைவிட்டோம். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் ஆரம்பத்திலேயே போட்ட ஒரு கோலைக் கடைசிவரை திருப்ப முடியவில்லை. பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. பெனால்டி கார்னரைக் கோலாக்கத் தெரியாத அணிக்குச் சொந்த மைதானம் மட்டும் சோறு போடாது.

அன்று இந்த ஏழாவது இட விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலென்சியாவில் நடந்த மற்றொரு தகுதிச்சுற்றில் நான்காவதாக வந்தது அயர்லாந்து. தரவரிசையில் அவர்களைவிட நாம் நன்றாகவே மேலே இருந்தோம். ஒரு பந்துகூட ஆடாமல் அயர்லாந்தை ஓரங்கட்டிவிட்டுப் பாரிஸுக்கு விமானம் ஏறியிருப்போம். நமக்கு இனித்திருக்கும். டப்ளினில் உள்ள பயிற்சியாளர் தன் பெண்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2019 நவம்பரில் புவனேஸ்வரில் ஒலிம்பிக் தகுதிக்காக அமெரிக்காவோடு இரண்டு ஆட்டங்கள். முதல் நாள் 5-1 என வென்றோம், மறுநாள் 1-4 எனத் தோற்றோம். மொத்தம் 6-5 என்ற கணக்கில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போய் நான்காவது இடம் பிடித்தோம். வயிற்றைக் கலக்கிய இரண்டு நாட்கள்தான். ஆனாலும் முடிவைச் சொன்னது களம். மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே ஐந்து மாதம் கிடக்கிறது. நான்காவது வந்த இரு அணிகளுக்கும் அதேபோல இரண்டு ஆட்டங்கள் வைக்க எஃப்ஐஎச்சுக்கு இடமும் நேரமும் கிடைக்காதா?

தரவரிசை ஏன் நல்ல நடுவர் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 முதல் புள்ளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாறுகின்றன. எதிரணியின் இடமும் போட்டியின் எடையும் கணக்கில் சேர்கின்றன. எஃப்ஐஎச் நடத்தும் ப்ரோ லீக்கில் இருக்கும் ஒன்பது அணிகளுக்கு ஒரு சீசனில் 16 பெரிய ஆட்டங்கள். வெளியே நிற்கும் உருகுவேக்கோ ஸ்காட்லாந்துக்கோ அப்படிப்பட்ட எதிரணிகள் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆட வாய்ப்பே கொடுக்காமல் புள்ளி எங்கே என்று கேட்கிறது இந்த முறை. உலகக் கோப்பைக்கு இரண்டு இடங்களை ப்ரோ லீக் வழியாகவும் கொடுத்திருப்பதால், உள்ளே இருப்பவர்களுக்கு இரட்டை லாபம். 2022-ல் நேஷன்ஸ் கப்பை வென்று அந்த லீக்கில் நுழைந்த இந்திய மகளிர், 2025 ஜூனில் கடைசி இடம் பிடித்து வெளியேறினார்கள். இனி நாமும் வெளியே நிற்கும் கூட்டம்தான்.

வாய்ப்பே கொடுக்காமல் கணக்குக் கேட்கும் இந்தப் பழக்கத்துக்கு எஃப்ஐஎச்சை மட்டும் குறைசொன்னால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. நம் மாநிலத்தைப் பாருங்கள். ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு ஆண்கள் அணி இருக்கிறது. மகளிர் லீக் 2025-ல் நான்கே அணிகளோடு தொடங்கியது. அதில் தமிழ்நாடு இல்லை, அடுத்த சீசனிலும் இல்லை. ஆண்கள் ஆட்டங்கள் சென்னைக்கு வந்தன. மகளிர் ஆட்டங்கள் ராஞ்சியைத் தாண்டவில்லை. ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பைக்காகச் சென்னை மைதானம் புதுப்பிக்கப்பட்டது, மதுரைக்குப் புது டர்ஃப் வந்தது. மகிழ்ச்சி. அந்த டர்ஃபில் மாலை ஆறு மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், எந்தப் பெண்கள் அணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரிவதில்லை.

மாநிலத்தில் நடக்கும் போட்டிகளும் அப்படித்தான். முருகப்பா தங்கக் கோப்பை ஆண்களுக்கு. கோவில்பட்டி லட்சுமி அம்மாள் கோப்பை ஆண்களுக்கு. பள்ளி அளவில் மாவட்டம், மண்டலம் என்று ஜெயித்து வரும் பெண்ணுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஆட என்ன இருக்கிறது? கல்லூரி அணி, பல்கலைக்கழகப் போட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் மாநில அணியில் ஓர் இடம். அதற்கு மேல் கதவு இல்லை. சொல்லப்படும் காரணங்கள் நமக்கு மனப்பாடம்: ஸ்பான்சர் இல்லை, கூட்டம் வராது, அணிகள் கிடைக்காது. போட்டி நடத்தாமல் அணி எங்கிருந்து கிடைக்கும்? ஆட்டமே இல்லாத இடத்துக்குக் கூட்டம் எப்படி வரும்? இதே பக்கத்தில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். பதவியில் இருப்பவர்கள் மாறுகிறார்கள், பதில் மாறுவதில்லை. பரிசளிப்பு மேடையில் பெண்கள் விளையாட்டைப் புகழும் அதே ஆட்கள்தான், காலண்டர் போடும்போது மகளிர் போட்டியை முதலில் அடிக்கிறார்கள்.

திறமை நம் மண்ணில் இல்லை என்று யாராவது சொன்னால் ஜார்க்கண்டின் சிம்டேகாவைக் காட்டுங்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் சலீமா டேட்டே அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண். ஹரியாணாவில் ஷாபாத் என்ற சின்ன ஊர் ராணி ராம்பாலைத் தந்தது. மிசோரம் லால்ரெம்சியாமியைத் தந்தது. இந்திய மகளிர் அணிப் பட்டியலில் ஒரு தமிழ்நாட்டுப் பெயரைப் பார்த்து நெடுங்காலம் ஆகிறது. கோவில்பட்டியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் தம்பிகள் கிளம்பி இந்திய ஜெர்சி போடுகிறார்கள். அதே தெருக்களில் மட்டை பிடிக்கும் தங்கைகளுக்கு என்ன குறை? ஆட்டம் குறைவு, அவ்வளவுதான்.

எனவே நம் கோரிக்கைகள் இரண்டு. எஃப்ஐஎச் அடுத்த உலகக் கோப்பைக்குள் ஏழாவது இடத்தைத் தரவரிசையிடமிருந்து எடுத்து, நான்காவது வரும் இரு அணிகளுக்கும் இடையே ஆட்டமாக மாற்ற வேண்டும். ஹைதராபாத்தில் அந்த விதியே இந்தியாவைக் காப்பாற்றினாலும் இந்தக் கோரிக்கை மாறாது. இரண்டாவது, மாநில ஹாக்கியை நடத்துபவர்களுக்கு: வரும் சீசன் காலண்டரில் சீனியர் மகளிருக்கு ஓர் அழைப்புப் போட்டியும், சென்னை எழும்பூர் மைதானத்திலும் மதுரையிலும் பெண்களுக்கு வாரத்தில் குறித்த மாலைகளும் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால், அடுத்த மாநிலத் தேர்வு முகாமில் பெண்கள் சரியில்லை என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். தேர்வாளர்கள் முதலில் தங்கள் காலண்டரைத் திருப்பிப் பார்க்கட்டும்.