படிவமும் குமாஸ்தாவும் ஒரே மூட்டையிலா?

பணி ஓய்வுக்குப் பிறகு பேரனோடு உட்கார்ந்து ஜாவா படித்தவன் நான். இன்று அவனோடு சண்டை.

“இன்டர்ஃபேஸையும் அதற்கு வேலை செய்யும் நிரலையும் ஒரே ஜார் கோப்பில் கட்டிவிடலாம், எதற்கு இரண்டு?” என்கிறான்.

நண்பர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். இன்டர்ஃபேஸ் என்பது அலுவலகப் படிவம். என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும் என்பது மட்டும் அதில் இருக்கும். எத்தா சிவில் பதிவேட்டைப் புரட்டுகிற குமாஸ்தா மாற்றலாகிப் போனால் படிவமுமா கூடப் போகும்? பிரெஞ்சில் படித்த எனக்கு ‘கோந்த்ரா’ என்ற சொல்தான் தோன்றுகிறது. ஒப்பந்தத்தை ஒரு தரப்பின் பீரோவில் மட்டும் பூட்டிவைப்பதில்லை.

ஜாவாவே இதற்கு உதாரணம். 1997இல் ஜாவா 1.1 உடன் வந்த ஜேடிபிசியில் கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட் எல்லாம் வெறும் இன்டர்ஃபேஸ்கள். டிரைவரை ஆரக்கிள் தனியாகத் தரும், மைஎஸ்கியூஎல் தனியாகத் தரும்.

“2017இல் ஜாவா 9 மாட்யூல்களைக் கொண்டுவந்துவிட்டதே, உள்ளே இருப்பதை எக்ஸ்போர்ட் செய்யாமல் மறைத்துக்கொள்ளலாமே” என்று மடக்குகிறான். மறைப்பது வேறு, பிரிப்பது வேறு அப்பா! படிவம் மட்டும் போதும் என்று வந்தவன் தலையிலும் அந்த நிரலும், அதற்கு வேண்டிய பத்து நூலகங்களும் ஏறுகின்றன. உள்ளே ஒரு வரி திருத்தினாலும் படிவத்துக்கும் புதுப் பதிப்பு எண். அதே ஜாவா ‘யூசஸ்’, ‘புரவைட்ஸ்’ என்று இரண்டு சொற்களைத் தந்திருப்பது எதற்காம்? கேட்பவன் ஒரு மாட்யூலிலும் கொடுப்பவன் வேறொன்றிலும் இருக்கத்தான்.

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை உலகத்தையே உலுக்கியது. ஓட்டை இருந்தது லாக்4ஜே-கோர் என்ற ஜாரில். லாக்4ஜே-ஏபிஐ என்ற இன்டர்ஃபேஸ் ஜாரை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் லாக்பேக்கை இணைத்திருந்தவர்களை அது தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெரிய ஜாரில் அமுக்கி வைத்திருந்தவர்கள், அந்தக் கோர் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவே மூட்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “பில்டு கோப்பில் கூடுதலாக எழுத வேண்டுமே தாத்தா” என்கிறான். எத்தனை வரி என்று எண்ணிக் காட்டச் சொன்னேன். ஐந்து.