நிழலுக்கு ஒரு முள்செடி

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி பாட்டுக் கேட்டு வருபவை. மீதி, பிறந்தநாள் வாழ்த்தும் சாலை நெரிசல் புலம்பலும். போன மாதம் வந்த ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை. கிள்ளானிலிருந்து ஓர் அக்கா. "தங்கச்சி, எங்கப்பா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவரு. இப்ப 78 வயசு, எங்ககூடத்தான் இருக்காரு. சின்ன வயசுல வேலியோரமாப் பறிச்சுச் சாப்பிட்ட செவப்புப் பழச் செடி வேணுங்கிறாரு. எங்க தெரஸ் வீட்டுல பின்னால மட்டுந்தான் கொஞ்சம் மண்ணு. அங்க வெயிலே படாது. வைக்கலாமா?"

முப்பது விநாடியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா கேட்பது பெரும்பாலும் 'ரூபஸ் ரோசிஃபோலியஸ்' என்ற காட்டு ராஸ்பெர்ரியாக இருக்கும். ரோஜா குடும்பம், இலையைப் பார்த்தாலும் ரோஜா மாதிரிதான் இருக்கும். ஐந்து இதழ் வெள்ளைப் பூ, மெல்லிய வளைமுள், சிறுசிறு மணிகள் ஒட்டிய சிவப்புப் பழம். பறித்தால் காம்பின் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும்; கையில் வருவது உள்ளே குழிந்த தொப்பி. தோட்டத்துப் பிள்ளைகள் இதை விரல் நுனியில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். ருசி? பேரங்காடியில் பெட்டியில் வரும் இறக்குமதிப் பழத்தோடு ஒப்பிட்டால் புளிப்பும் கம்மி, இனிப்பும் கம்மி, விதை அதிகம். ஆனால் அப்பா கேட்பது அந்தப் பெட்டிப் பழத்தை அல்லவே.

முதலில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் 'ராஸ்பெர்ரி கன்று' என்று அழகான படத்தோடு விற்பதில் பல, குளிர்நாட்டு வகைகள். அவற்றுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில நூறு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பல வகைகளுக்கு 800 மணி நேரத்துக்கும் மேல். கேமரன் மலையிலேயே அந்தக் குளிர் கிடையாது, கிள்ளானில் எங்கே போவது? இலை விடும், வளரும், நம்பிக்கை கொடுக்கும். பழம் மட்டும் கொடுக்காது. வாங்கும் முன் விற்பவரிடம் வகையின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிழல். 'நிழல் தாங்கும் செடி' என்று எழுதியிருந்தால் நிழலில் சாகாது என்று பொருள். நிழலில் காய்க்கும் என்று பொருள் இல்லை. காட்டு ராஸ்பெர்ரி காட்டின் ஓரத்துச் செடி. மரநிழலும் விட்டுவிட்டு வரும் வெளிச்சமும் அதற்குப் பழக்கம். நம் சமவெளி வெயிலில் பிற்பகல் நிழல் அதற்கு வரம் என்றே சொல்வேன். காலையில் மூன்று நான்கு மணி நேர வெயில், பிறகு நிழல் என்றால் பூக்க வாய்ப்பு உண்டு. நாள் முழுக்க இருட்டு என்றால் நீண்டு மெலிந்த தண்டுதான் மிச்சம்.

உங்கள் பின்கட்டு எந்த ரகம் என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. மேகம் இல்லாத நாளில், மதியம் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக, கை என்று மட்டும் தெரிந்தால் பாதி நிழல்; இந்தச் செடிக்கு அது போதும். நிழலே விழவில்லை என்றால் அங்கே ராஸ்பெர்ரி வேண்டாம், பெரணி வையுங்கள். சமையலறையை நீட்டி மேலே ஜிங்க் கூரை போட்ட வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது கதைதான். அந்த அக்காவுக்கு நான் அனுப்பிய பதில்: பின்பக்கத்தை மறந்துவிடுங்கள், காலை வெயில் விழும் வாசல் பக்கம் ஒரு பெரிய தொட்டியில் வையுங்கள். மேட்டுநிலச் செடி என்பதால் மலையில் காய்த்தது போலக் காய்க்காது, கிடைப்பது கைப்பிடியாகவும் இருக்கலாம் என்று அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொட்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாமான் வீடுகளின் மண்ணில் செங்கல் துண்டும் சிமெண்டும் கலந்து கிடக்கும். இந்தச் செடிக்குக் கொஞ்சம் புளித்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். சிமெண்ட் அதற்கு நேர் எதிர். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, மக்கிய உரம் கலந்த மண், மேலே காய்ந்த இலைப் போர்வை. ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கக்கூடாது. காய்த்து முடிந்த தண்டு தானாகக் காயும்; அதை அடியோடு வெட்டிவிட்டால் புதுத் தண்டுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். தோல் கையுறை இல்லாமல் வெட்டப் போகாதீர்கள்.

தரையில் வைத்தால் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பி, வேலி தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டு அங்கிளோடு நல்லுறவு வேண்டும் என்றால் தொட்டிதான். அதையும் ஓடு பதித்த தரையில் வையுங்கள். காட்டோரம் வீடு உள்ளவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பழத்தைத் தின்னும் குருவி விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். இதன் உறவான மைசூர் ராஸ்பெர்ரியைப் பயிரிடுவதற்காகக் கலாபகோஸ் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே அது காட்டையே மூடும் களை.

அந்த மைசூர் ராஸ்பெர்ரி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இயற்கையாக வளர்வது. குளிர்தூக்கம் இல்லாமலே காய்க்கும், பழமும் இதைவிட ருசி. ஊருக்குப் போகும்போது ஒரு கன்றைப் பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கன்றோ விதையோ நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். பழத்தை அங்கேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.