ஐயா, எல்எஸ்ஸிடம் தேதி கேட்காதீங்க!

மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடந்து புகையுற ஒரு விஷயத்தை இன்னிக்குக் கொட்டியே ஆகணும்.

போன வாரம் ஆணி புடுங்குற எடத்துல ஒரு தம்பி (நல்ல புள்ள, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசந்தான் ஆகுது) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டைக் கொண்டாந்து காட்டினாரு. ஒரு கோப்பு கடைசியா எப்ப மாத்தப்பட்டுச்சுன்னு கண்டுபிடிக்கணும். என்ன பண்ணியிருந்தாருங்கிறீங்க? எல்எஸ் மைனஸ் எல். அதை அப்படியே பைப் போட்டு 'ஆக்' கட்டளைக்கு அனுப்பி, ஆறாவது, ஏழாவது, எட்டாவது காலத்தை உருவி எடுத்து... அவ்ளோதான், தேதி ரெடி!

"எங்க தம்பி புடிச்சீங்க இதை?"ன்னு கேட்டேன்.

"எல்லாரும் இப்படித்தாண்ணே எழுதுறாங்க."

ஆமாய்யா, எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. இணையத்துல தேடினா இதான் வருது, இப்ப கேள்விக்கு பதில் சொல்ற சாட்பாட் கிட்ட கேட்டாலும் அப்பப்ப இதையேதான் தூக்கிக் கொடுக்குது. ஊரே சேர்ந்து தப்பா எழுதினா அது வழக்கமாயிடுமா?

(கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்துலயேதான் எழுதப்போறேன். தட்டும்போது நீங்க ஆங்கிலத்துல தட்டிக்குங்க. மைனஸ்னா அந்த சின்னக் கோடு.)

எல்எஸ் மைனஸ் எல் கொடுக்குற தேதி மனுசக் கண்ணுக்காக அச்சடிச்சது. அதுக்கு ஒரு விதி இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது. கோப்பு கடந்த ஆறு மாசத்துக்குள்ள மாறியிருந்தா மாசம், நாள், மணி:நிமிசம் காட்டும். வருசம் கிடையாது. ஆறு மாசத்துக்கு முன்னாடி மாறியிருந்தா (இல்ல, தேதி எதிர்காலத்துல இருந்தா) மாசம், நாள், வருசம் காட்டும். மணி கிடையாது. அதாவது அந்த எட்டாவது காலத்துல 09:14-னும் வரும், 2008-னும் வரும். நொடியா? அது எப்பவுமே வராது. இது ஏதோ ஒரு கம்பெனி பண்ண குளறுபடி இல்லை; போசிக்ஸ் தரத்துலயே அப்படித்தான் எழுதி வச்சிருக்கு.

"அதனால என்னண்ணே, வருசம் இல்லைன்னா இந்த வருசம்தானே?"ன்னு தம்பி கேட்டாரு பாருங்க, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. ஏன்னா அதே புத்திசாலித்தனத்தை நானும் பண்ணியிருக்கேன்.

2009 செப்டம்பர்ல எனக்குன்னு ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதினேன். தினம் ராத்திரி ஒரு பேக்கப் எடுக்கும். ஃபோல்டர்ல இருக்குறதுல புதுசா மூணை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை அழிச்சிடும். எது புதுசுன்னு எப்படிப் பாத்தேன்? எல்எஸ் மைனஸ் எல்-லதான். வருசம் இல்லாத எடத்துல "இந்த வருசம்"னு நானே ஒட்டிக்கிட்டேன். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர்... ஓடுச்சுய்யா, ஜம்முன்னு ஓடுச்சு.

2010 ஜனவரி 1 ராத்திரி என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஃபோல்டர்ல டிசம்பர் 29, 30, 31 பேக்கப் மூணு இருக்கு. எல்எஸ் அதுக்கு வருசம் சொல்லல. என் ஸ்கிரிப்ட் 2010-ஐ ஒட்டிடுச்சு. ஆக மூணும் 2010 டிசம்பர்! புதுசா எடுத்தது 2010 ஜனவரி 1. நாலுல எது பழசு? ஜனவரி 1-தான். அழி! மறுநாள் ஜனவரி 2. அழி! தினம் ராத்திரி ஒழுங்கா பேக்கப் எடுத்து, எடுத்த சூட்டோட அதையே அழிச்சிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு பிழைச் செய்தி கூட வரல. நானும் அப்பப்ப ஃபோல்டரைத் திறந்து பாப்பேன், மூணு கோப்பு இருக்கும். மூணு இருக்கான்னுதான் பாத்தேன்; அதுல இருந்த தேதியைப் பாக்கல.

ஏப்ரல்ல வன்தட்டு மண்டையைப் போட்டுச்சு.

அந்த நாலு மாசமும் அப்பாவோட பழைய நோட்டுகளை உட்கார்ந்து தட்டச்சு பண்ணிக்கிட்டிருந்தேன். 1960-கள்ல அவர் எழுதினது. மை பரவி, எழுத்து பாதி அழிஞ்ச பக்கங்கள். எனக்குப் புரியாத எடத்துல எல்லாம் அவரே பக்கத்துல உட்கார்ந்து படிச்சுச் சொன்னாரு, நடுநடுவுல எழுதாத கதையும் சொன்னாரு, அதையும் சேர்த்துத் தட்டினேன். எல்லாம் போச்சு. ஆகஸ்ட்ல அவரும் போயிட்டாரு. நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு, படிச்சுச் சொல்லத்தான் ஆளில்லை.

சரி விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்.

வருசம் மட்டும்தான் பிரச்னைன்னு நினைக்காதீங்க. ஆசையா கணினியைத் தமிழுக்கு மாத்தி வச்சிருக்கிற நம்மாளுங்க எத்தனை பேரு! அவங்க லினக்ஸ்ல எல்எஸ் அடிச்சா மாசத்தோட பேரு தமிழ்ல வரும். ஆங்கில 'ஜேன்', 'ஃபெப்'பை எதிர்பாக்குற ஸ்கிரிப்ட் அங்கேயே படுத்துக்கும். (எல்சி_ஆல் மாறிக்கு 'சி'ன்னு மதிப்பு கொடுத்து ஓட்டினா இது மட்டும் சரியாகும், காணாமப் போன வருசம் திரும்பி வராது.) அப்புறம், ஆபீஸ் நெட்வொர்க்ல குழுவோட பேருல நடுவுல ஒரு இடைவெளி இருந்துட்டா, எல்லா காலமும் ஒண்ணு தள்ளிப் போயிடும். ஆறாவதுல மாசத்தைத் தேடினா கோப்போட அளவு உட்கார்ந்திருக்கும்.

இப்ப ரெண்டாவது கோஷ்டி வரும். "யோவ், எல்எஸ் எதுக்கு? ஸ்டாட்னு ஒரு கட்டளை இருக்கே!"

இருக்கு சாமி, இருக்கு. லினக்ஸ்ல குனு ஸ்டாட்டுக்கு மைனஸ் சி, பர்சன்ட் கேப்பிடல் ஒய் கொடுத்தா 1970 ஜனவரி 1-லேர்ந்து எத்தனை நொடின்னு சொல்லிடும். மேக்லயும் ஃப்ரீபிஎஸ்டிலயும் மைனஸ் சி கிடையாது. அங்க மைனஸ் எஃப், பர்சன்ட் எம். அதோட முடிஞ்சா பரவால்லை. லினக்ஸ்ல மைனஸ் எஃப்புக்கு வேற அர்த்தம்: கோப்பை விட்டுட்டு அது இருக்கிற கோப்பு முறைமையைப் பத்திச் சொல்லுன்னு. அதனால மேக்ல எழுதின வரியை லினக்ஸ்ல ஓட்டினா, பர்சன்ட் எம்மை ஒரு கோப்புப் பேருன்னு நினைச்சு "அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு அழும். அழுதுட்டு, அடுத்து இருக்கிற உங்க கோப்புக்கு பிளாக் எத்தனை, ஐநோடு எத்தனைன்னு ஒரு ஜாதகமே அச்சடிக்கும். தோத்துப்போன கட்டளை வெறுங்கையோட வந்தா சமாளிக்கலாம். இது கை நிறைய குப்பையோட வருது.

டேட் கட்டளை? அது இன்னும் கூத்து. லினக்ஸ்ல டேட் மைனஸ் ஆர்-க்குப் பின்னால கோப்புப் பேரு கொடுத்தா அது மாறின தேதியைச் சொல்லும். பிஎஸ்டி வழக்கத்துல மைனஸ் ஆர்-க்குப் பின்னால வர்ற எண்ணு நொடிக் கணக்கு. உங்க பேக்கப் ஃபோல்டருக்கு 20080115-னு பேரு வச்சிருக்கீங்கன்னு வைங்க. மேக்ல அதைக் கொடுத்தா 1970 ஆகஸ்ட் 21-னு பதில் வரும். 2008 பொங்கலன்னிக்கு எடுத்த பேக்கப்பு 1970-க்குப் போயிடுச்சு!

"இப்ப எல்லாமே லினக்ஸ்தானே, எதுக்கு இந்தப் பழைய பஞ்சாங்கம்?"னு கேப்பீங்க. தம்பியும் கேட்டாரு. அவர் கையில இருந்தது மேக். ஸ்கிரிப்ட் ஓடப்போறது கண்டெய்னர்ல, அதுக்குள்ள ஆல்பைன், அதாவது குனுவே கிடையாது, பிஸிபாக்ஸ். வீட்டுல ரூட்டர்லயும் பிஸிபாக்ஸ்தான். அதைத் தயார் பண்ணவரு ஸ்டாட் வேண்டாம்னு விட்டிருந்தா ஸ்டாட்டே இருக்காது. ஒரே ஆளு, ஒரே நாளு, மூணு ஊரு பாஷை. எங்கேயும் ஓடுற மாதிரி எழுதணும்ங்கிறது ஏதோ பழைய சர்வர் வச்சிருக்கிற தாத்தாக்களோட கவலைன்னு யார் சொன்னது?

இதுல எனக்கு நிஜமான கோவம் தரம் எழுதின பெரியவங்க மேலதான். 1971-ல வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டைப் பாருங்க: ஸ்டாட்னு ஒரு கட்டளை அதுலயே இருக்கு! 1979-ல ஏழாம் பதிப்பு வந்தப்போ அது இல்லை. 1992-ல ஷெல்லுக்கும் கட்டளைகளுக்கும் போசிக்ஸ் தரம் போட்டாங்க, அதுலயும் இல்லை. 2024-ல புதுப் பதிப்பு போட்டாங்க, அப்பவும் இல்லை. ஒவ்வொரு கோப்போட ஐநோடுலயும் மாறின நேரம் பத்திரமா உட்கார்ந்திருக்கு. சி மொழியில ஒரே அழைப்புல எடுத்துடலாம். ஷெல்லுலேர்ந்து அதை முழுசா, நொடியோட, எங்கேயும் ஒரே மாதிரி எடுத்துக் காட்ட நேரான கட்டளை ஒண்ணு தரத்துல கிடையாது. ஐம்பது வருசம் கடந்தாச்சுய்யா!

ஆனா ஒரு நியாயத்தையும் சொல்லணும். நமக்கு நிஜமாவே தேதிதான் வேணுமான்னு யோசிச்சுப் பாருங்க. பத்துல எட்டு தடவை நாம கேக்க வேண்டிய கேள்வி "இது எப்ப மாறுச்சு?" இல்லை, "இதுல எது புதுசு?" அந்தக் கேள்விக்கு யூனிக்ஸ்ல எப்பவோ பதில் இருக்கு. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல எழுதின மேக் (ஆப்பிள் இல்லைங்க, நிரல் கட்டுற மேக்) இந்த ஒரு கேள்வியை வச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் பொழப்பு நடத்துது. ஃபைன்ட் மைனஸ் நியூவர் போசிக்ஸ்ல இருக்கு, எல்லா எடத்துலயும் ஓடும். டெஸ்ட்டுக்குள்ள வர்ற மைனஸ் என்டி பல ஷெல்லுல ரொம்ப நாளா இருந்தும் 2024-லதான் தரத்துக்குள்ள வந்துச்சு. ரெண்டாவது கோப்பு இல்லாமப் போனா என்ன பதில்ங்கிறதுல ஷெல்லுக்கு ஷெல் வித்தியாசம் உண்டு, அதனால நான் ஃபைன்ட்டையே புடிச்சிக்கிறேன்.

குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம் மாறினது வேணுமா? டச் மைனஸ் டி போட்டு 202401010000-னு நேரம் கொடுத்து ஒரு வெத்துக் கோப்பை உண்டாக்குங்க. அதைக் காட்டி ஃபைன்ட்கிட்ட "இதைவிடப் புதுசு எது?"ன்னு கேளுங்க. மாசப் பேரும் வேணாம், காலம் எண்ணவும் வேணாம்.

தினசரி பேக்கப்புக்கும் இதேதான். பலரும் ஃபைன்ட் மைனஸ் எம்டைம்ல போய் மாட்டுறாங்க. அது 24 மணி நேரத் துண்டா வெட்டி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுட்டு எண்ணும். பிளஸ் 1-னு போட்டா ஒரு நாளுக்கு மேலன்னு நினைப்போம், உண்மையில ரெண்டு நாள் முடிஞ்சிருக்கணும். மைனஸ் 1-னு போட்டு, நேத்து ஒன்பது மணிக்கு ஓடினது இன்னிக்கு ஒன்பதரைக்கு ஓடினா, நடுவுல அரை மணி நேரத்துல மாறினது விட்டுப்போயிடும். அதுக்குப் பதிலா பேக்கப் ஆரம்பிக்கும்போது ஒரு புது அடையாளக் கோப்பை டச் பண்ணுங்க. போன தடவை வச்ச அடையாளத்தைவிடப் புதுசா இருக்கிறதை எல்லாம் எடுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம் புதுசைப் பழசு மேல எம்வி பண்ணுங்க. ஆரம்பத்துலயே டச் பண்றது முக்கியம், ஏன்னா பேக்கப் ஓடிக்கிட்டிருக்கும்போதே மாறுற கோப்பு இருக்கே, அது முடிவுல டச் பண்ணா தப்பிச்சுப் போயிடும்.

தேதியைக் காட்டியே ஆகணும்னா? மூணு படி. முதல்ல ஸ்டாட் மைனஸ் சி. தோத்தா ஸ்டாட் மைனஸ் எஃப். அதுவும் தோத்தா பெர்ல், அதோட ஸ்டாட் பட்டியல்ல ஒன்பதாவது (பூஜ்யத்துலேர்ந்து எண்ணணும்). வரிசையை மாத்திடாதீங்க! மேக்ல மைனஸ் சி தெரியலைன்னா பிழைச் செய்தியோட நிறுத்திக்கும், கைல எதுவும் கொடுக்காது. லினக்ஸ்ல மைனஸ் எஃப்பை முதல்ல விட்டா அந்த ஜாதகம் வந்து உங்க மாறிக்குள்ள உட்கார்ந்துக்கும்.

இன்னொரு கோஷ்டி பாக்கி இருக்கு: "எல்எஸ்ஸோட வெளியீட்டைத் தொடவே கூடாது"ன்னு தீட்டு பாக்குற ஆச்சாரக்காரங்க. அவங்க கூடவும் எனக்கு ஒத்துப்போகல. நாமளே பேரு வச்ச, புது வரியோ விநோத எழுத்தோ இல்லாத கோப்புகளா இருந்தா எல்எஸ் மைனஸ் டி தாராளமா போடலாம். எது புதுசுன்னு அதுவே வரிசைப்படுத்திக் கொடுக்கும். வருசம் அதுக்குத் தெரியும். வெளிய சொல்லாது, அவ்ளோதான். 2009-ல நான் 'எல்'லுக்குப் பதிலா 'டி' போட்டிருந்தா போதும், நாப்பது வரி ஸ்கிரிப்ட் நாலு வரியா போயிருக்கும், ஜனவரி வந்தாலும் ஒழுங்கா எண்ணியிருக்கும்.

தம்பி ஸ்கிரிப்ட்டை மாத்திட்டாரு. பேக்கப் கோப்போட பேருலயே வருசம், மாசம், நாள்னு எழுதிடச் சொன்னேன். மாறின தேதி நகல் எடுத்தா மாறும் (சிபி-க்கு மைனஸ் பி போட மறந்தா), கிட்ல இழுத்தா மாறும்; பேரு மாறாது. "அப்ப எதுக்குண்ணே இவ்ளோ நேரம் கதை சொன்னீங்க, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"ன்னாரு.

டிஸ்கி: பேருல வெறும் எண்ணா வச்சிடாதீங்க, முன்னால ரெண்டு எழுத்தாவது சேருங்க. மேக்ல யாராவது டேட் மைனஸ் ஆர் அடிச்சு, மறுபடி 1970-க்குப் போயிடப் போறாங்க.