தம்புச்செட்டித் தெருவைத் தள்ளிவைப்பவர்கள்

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்து இலக்கிய அன்பர்களிடம் சுஜாதா என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்று உருகுவார்கள். கணேஷ்-வசந்த் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். அதெல்லாம் ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவர வேண்டியதாம்.

தேவதைகளில் நாம் மெச்சும் உரையாடல், ஒருவன் பேசிய இரண்டாவது வரியிலேயே அவனது படிப்பையும் பொய்யையும் காட்டிவிடும் அந்தச் செவி, பெரும்பாலும் தம்புச்செட்டித் தெரு வக்கீல் அலுவலகத்தில் தீட்டப்பட்டதுதான். 1968-ல் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தபோது கணேஷ் தனியாள். வசந்த் சேர்ந்த பிறகே தொடருக்கு உயிர் வருகிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் தவறவே மாட்டார். இங்கோ மூத்தவரின் தர்க்கத்தை இளையவன் ஒரு கடியால் கவிழ்த்துவிடுகிறான். (அவன் பெண்களைப் பார்க்கும் பார்வை இன்று உறுத்துகிறது, மறுக்கவில்லை.)

'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா, விஞ்ஞானமா என்று இருவரும் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். ஐயத்தை முற்றாகத் துடைக்காமலே ஆசிரியர் முடிக்கிறார். துப்பறியும் கதையில் இதற்குத் துணிச்சல் வேண்டும்.

'நிர்வாண நகர'த்தில், தன்னைப் பொருட்படுத்தாத சென்னையைப் பழிவாங்கப் புறப்படுகிறான் ஓர் இளைஞன். இதே கரு சிற்றிதழில் வந்திருந்தால் அந்நியமாதல் என்று பத்துப் பக்கம் கட்டுரை எழுதியிருப்போம். வணிக இதழில் வந்ததால் மர்மக்கதை!

புதிதாகத் தொடங்குபவர்கள் இவ்விரண்டையும் முதலில் படியுங்கள். 'நைலான் கயிறு' பிறகு போதும். தேவதைகளை அதன்பின் மறுபடி எடுத்துப் பாருங்கள்.