உரிமம் இல்லாதவர் கையில் தோட்டத்து வானம்

ஈப்போவை அடுத்த பழைய ரப்பர் தோட்டத்தில் எழவுள்ள வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரத்துக்கு, உரிமம் பெற்றவர்களின் விலைப்புள்ளிகள் கையில் இருந்தும், எந்த அனுமதியும் இல்லாத ஒருவரை மலிவுக்கு அமர்த்தி ட்ரோன் படம் எடுக்க வைத்த திட்ட நிர்வாகத்தின் முடிவைச் சிக்கனம் என்று நியாயப்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல.

மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் 2016 இதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. வணிகப் பயனுக்காக ட்ரோன் பறக்கவிடுவது ‘வான்வழிப் பணி’ எனக் கொள்ளப்படுவதால், சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி அதற்குத் தேவை. அனுமதியின்றி 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேலே பறப்பதும், படக்கருவியுடன் பிறரையோ பிறர் கட்டடத்தையோ 50 மீட்டருக்குள் நெருங்குவதும் குற்றம். வான்படம் எடுக்க நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமின் இசைவும் வேண்டும். குடியிருப்புகள் சூழ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் அமைந்துள்ள ஈப்போவில் இக்கட்டுப்பாடுகளை வெறும் காகிதச் சடங்காகக் கருத இயலாது.

உரிமத்தின் முதற்பயன், பறக்கவிட்டவர் யார், அவருக்கு அனுமதி அளித்தவர் யார் என்பது பதிவாகி, தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதே ஆகும். இங்கோ, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் தகரக் கூரைகளை உரசுவதுபோலப் பறந்து, கோயில் கலசத்தின் உயரத்தில் நின்று சுழன்று, பாடவேளையில் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு மேலே வட்டமிட்ட கருவியைப் பற்றிக் கேட்கப் போன குடும்பங்களுக்குக் கிடைத்தது, படமெடுத்தவர் போய்விட்டார் என்ற ஒற்றைப் பதில்தான். துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்களும் திடலில் நின்ற பிள்ளைகளும் தங்கள் சம்மதமின்றியே விற்பனைப் படத்தில் இடம்பெற்றுள்ளனர். அப்படத்தின் மீது வரையப்பட்ட மஞ்சள் கோடு கோயில் முற்றத்தையும் விற்பனை நிலத்துக்குள் இழுத்துக்கொள்கிறது; உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்து காட்டாத எந்தக் கோட்டுக்கும் எல்லை என்ற தகுதி கிடையாது. 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்துக்கு அஞ்சி விளம்பரத்தில் அனுமதி எண்ணைத் தவறாமல் அச்சிடுகிறவர்களுக்கு, அதே விளம்பரத்தின் படத்துக்கும் அனுமதி வேண்டும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இது இந்த நிர்வாகத்தின் முதல் தவறும் அல்ல. லயத்து மக்களுக்கு மாற்று வீடு தருவதாகக் கொடுத்த வாக்கை எழுத்தில் தராமல் இழுத்தடித்தவர்களும், கோயில் நிலத்தின் உரிமைப் பத்திரம் பற்றிய கேள்வியைக் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போட்டவர்களும், மழைநீர் வடிகாலை மண்ணிட்டு மூடிவிட்டு வெள்ளம் வந்தபின் வானிலையைக் குறை சொன்னவர்களும் இவர்களே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்க முன்வந்தனர். அத்தகைய மக்களின் பிள்ளைகள் வாழும் மண்ணில், அவர்களிடம் ஒரு சொல் கேளாமல் அவர்கள் தலைக்கு மேலே கருவியைப் பறக்கவிட்டது அப்பட்டமான அவமதிப்பு.

அப்படங்கள் விளம்பரத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். இனி இத்தகைய பணிகள் பொறுப்பும் வெளிப்படைத்தன்மையும் உள்ள ஒரு முறைக்குள் கொண்டுவரப்பட வேண்டும். சட்டத்தை மீறி எடுத்த படத்தைக் காட்டி வீடு விற்கும் தகுதி எந்த நிர்வாகத்துக்கும் இல்லை.